பிள்ளைகளின் பதகளிப்பும் அதனைத் தணிக்கும் நெறியும்

அச்சம் உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவானதோர் உணர்ச்சி. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைத்தெண்ணிய தொல்காப்பியர், அது பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கென மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். பேய், தெய்வம் போன்று வருத்துந் தன்மையுடையன, கொடிய விலங்குகள், கள்வர், தம்மினும் மேலான அதிகாரமுடையோர் என்பனவே அந்நான்கு. இன்றைய உளவியலாளர் பிள்ளைகளின் அச்சங்களைத் தொகுத்து நோக்கும்போதும் இவ்வகைகள் மீண்டும் மீண்டும் தோன்றுதல் கருதத்தக்கது. இருளிற் பேயுண்டென நடுங்கும் பிள்ளை, நாயைக் கண்டு அலறும் பிள்ளை, கள்வன் வருவானென எண்ணி உறங்காதிருக்கும் பிள்ளை, ஆசிரியர் பெயர்சொல்லி அழைத்ததும் நாவெழாது நிற்கும் பிள்ளை ஆகியோரை அறியாத ஊர் இல்லை.

இவ்வச்சங்களைக் காணும் பெரியோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். அன்பு மிக்கோர் அச்சந்தரும் பொருளைப் பிள்ளையின் கண்முன்னின்று அகற்றுகின்றனர். கண்டிப்பு மிக்கோர் பிள்ளையை அதன்முன் வலிந்து நிறுத்துகின்றனர். இரண்டும் பிள்ளையின் நன்மை கருதியே செய்யப்படுவன. ஆயினும், இவ்விரண்டும் அச்சத்தை வளர்க்கக்கூடும் என்பதும், இவற்றுக்கு இடைப்பட்டதொரு வழியே பயன்தருவது என்பதும் சென்ற நூற்றாண்டின் ஆராய்ச்சிகளாற் புலப்பட்ட உண்மைகளாகும். அவ்வழியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சமும் பதகளிப்பும்

எதிரே நிற்கும் இடரைக் கண்டு எழுவது அச்சம். வரக்கூடுமென எண்ணப்படும் இடரை நினைந்து உள்ளம் அலமருவது பதகளிப்பு. பாம்பைக் கண்டு விலகுதல் முன்னையது. பாம்பு இருக்குமோவென எண்ணி முற்றத்திலும் இறங்க மறுத்தல் பின்னையது. இரண்டின்போதும் உடலில் நிகழ்வன ஏறத்தாழ ஒன்றே. மூளையின் உட்பகுதியிலுள்ள அமிக்டலா என்னும் சிறு பகுதி இடரை உணர்த்துகின்றது, அதிரனலின் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கின்றது, இதயத்துடிப்பு விரைகின்றது, மூச்சு மிகுகின்றது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு தளர்கின்றது. ஓடுதற்கோ எதிர்த்தற்கோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் முறை இதுவாகும். எனவே, பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் வயிறு நோகின்றதென அழும் பிள்ளை பொய்யுரைப்பதாகக் கொள்ளுதல் தவறு. நோவு மெய்யானதே, அதன் மூலம் பதகளிப்பாக இருத்தல் கூடும்.

வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்துக்கும் இயல்பான அச்சங்கள் சில உள. ஏறக்குறைய எட்டு மாதக் குழவி அயலாரைக் கண்டு அழுகின்றது. ஓராண்டு நிறைவெய்துங் காலத்திலும் அதனையடுத்தும் தாயைப் பிரிய அஞ்சுகின்றது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு இருளும் கற்பனை உருவங்களும் அச்சந் தருகின்றன. பாடசாலைப் பருவத்தில் காயம், நோய், பரீட்சை, தண்டனை முதலியன அவற்றினிடத்தைப் பெறுகின்றன. குமரப்பருவத்திற் பிறர் தம்மை எவ்வாறு மதிப்பர் என்னும் எண்ணமே மேலோங்குகின்றது. இவற்றுட் பல தாமாகவே தோன்றித் தாமாகவே மறைவன, சிகிச்சை வேண்டாதன.

அவ்வாறாயின், எப்போது அது கோளாறாகின்றது? மூன்று அளவைகள் கொண்டு இதனைத் துணியலாம். முதலாவது மிகை: அச்சம் இடரின் அளவுக்கும் பிள்ளையின் வயதுக்கும் பொருந்தாதவாறு பெருகியிருத்தல். இரண்டாவது நீடிப்பு: சில நாட்களில் நீங்காது நிலைத்திருத்தல். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, பிள்ளைகளின் பிரிவுப் பதகளிப்பைக் கோளாறெனக் கொள்வதற்கு அது நான்கு வாரமேனும் நீடித்திருத்தல் வேண்டும். சமூகப் பதகளிப்புக்கும் பொதுமைப் பதகளிப்புக்கும் உரிய காலவெல்லை ஆறு மாதமாகும். மூன்றாவது இடையூறு: கல்வி, உறக்கம், நட்பு, விளையாட்டு முதலியன கெடுதல். இவற்றுள் ஆசிரியர் நேரிற் காணத்தக்கது மூன்றாவதேயாகும்.

பதகளிப்புக் கோளாறுகள் பலதிறப்படும். பெற்றோரைப் பிரிய இயலாமை பிரிவுப் பதகளிப்பு. நாய், இடி, ஊசி போன்ற ஒன்றன்மேற் கொள்ளும் பேரச்சம் குறித்தபொருள் அச்சம். பிறர் நோக்கின்முன் கூசி ஒடுங்குதல் சமூகப் பதகளிப்பு. எதனைக் குறித்தும் ஓயாது கவலைகொள்ளுதல் பொதுமைப் பதகளிப்பு. வீட்டில் நன்கு பேசும் பிள்ளை பாடசாலையில் ஒரு சொல்லும் பேசாதிருத்தல் தெரிவுசார் மௌனம் எனப்படும். இதனைப் பிடிவாதமெனக் கருதித் தண்டித்த காலமும் உண்டு. மேற்கூறிய 2013ஆம் ஆண்டு வகைப்பாடு இதனையும் பதகளிப்புக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது.

அச்சம் வேரூன்றும் முறை

சில பிள்ளைகள் பிறவியிலேயே கூச்ச இயல்புடையோர். ஹாவாட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழவிகளுக்குப் புதிய ஒலிகளையும் அசையும் பொருள்களையும் காட்டி ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் கைகால்களை உதறி அழுது மிகுதியாகத் துலங்குதலைக் கண்டார். இத்தகையோருட் பலர் பின்னர் புதியவற்றைக் கண்டு தயங்கும் பிள்ளைகளாயினர். ஆயினும், அவருட் பெரும்பாலோர் நோயாளராகவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிபே. பிறவியியல்பு விதை போன்றது. அது முளைப்பதும் முளையாதொழிவதும் நிலத்தையும் நீரையும் பொறுத்தன.

அச்சம் கற்கப்படுதலுங் கூடும். 1920ஆம் ஆண்டில் யோன் வாட்சனும் றோசலி றெயினரும் யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய பரிசோதனை இதற்குச் சான்று. அல்பேட் என அவர்களாற் குறிக்கப்பட்ட பதினொரு மாதக் குழவி வெள்ளெலியைக் கண்டு முதலில் அஞ்சவில்லை. குழவி எலியைத் தொடமுயன்றபோதெல்லாம் அதன் பின்னால் உருக்குக் கோலொன்றைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். சில தடவைகளின் பின்னர் எலியைக் கண்ட மாத்திரத்திலேயே குழவி அழுது விலகியது. அவ்வச்சம் முயல், நாய், மயிருடை ஆகியவற்றுக்கும் பரவியது. அச்சத்தை நீக்குமுன்னரே குழவி அவ்விடத்தினின்றும் கொண்டுசெல்லப்பட்டது. இன்றைய ஆராய்ச்சி அறநெறிக்கு ஒவ்வாத செயல் இதுவாயினும், அச்சம் எவ்வாறு விளைவிக்கப்படலாம் என்பதை அது காட்டிற்று.

பிறரைப் பார்த்தும் பிள்ளை அஞ்சக் கற்கின்றது. கரப்பான்பூச்சியைக் கண்டு தாய் அலறின் சேயும் அலறும். "உம்மாண்டி பிடிப்பான்" என்று கூறி உணவூட்டும் வழக்கமும், "வாத்தியாரிடம் சொல்லிவிடுவேன்" என்று வெருட்டும் வழக்கமும் இருளையும் பாடசாலையையும் அச்சத்தோடு பிணைப்பனவாம்.

பீற்றரும் முயலும்

அச்சம் கற்கப்படுமாயின், அதனைக் கற்ற முறையிலேயே களைதலும் இயலுமோ என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை கண்டவர் மேரி கவர் யோன்ஸ் என்னும் பெண்மணி. 1924ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இரு கட்டுரைகள் ஆசிரியர் யாவரும் அறியத்தக்கன.

ஒன்று, பீற்றர் எனப் பெயரிட்டுக் குறிக்கப்பட்ட சிறுவனைப் பற்றியது. ஆய்வு தொடங்கியபோது அவனுக்கு வயது இரண்டும் பத்து மாதமும். வெள்ளெலி, முயல், மயிருடை, இறகு, பஞ்சு ஆகியன அவனை அச்சுறுத்தின. அவற்றுள் முயலிடத்தே அச்சம் மிகுதி. முதலில், முயலுக்கு அஞ்சாத மூன்று பிள்ளைகளோடு அவன் விளையாட விடப்பட்டான், முயலும் அங்கிருந்தது. அவர்களைப் பார்த்து அவனது அச்சம் படிப்படியாகத் தணிந்தது. இடையில் நோயுற்று இரண்டு மாதம் மருத்துவமனையிலிருந்தான். அங்கிருந்து திரும்பும் வேளையிற் பெரிய நாயொன்று பாய, அவனும் உடனிருந்த தாதியும் வெருண்டனர். குறைந்த அச்சம் மீண்டது.

பின்னர் யோன்ஸ் வேறொரு முறையைக் கையாண்டார். பீற்றர் தான் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கையில், கூட்டிலடைத்த முயல் அறையின் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் உண்பதை நிறுத்தாத அளவுக்கே அது நாள்தோறும் அண்மையிற் கொணரப்பட்டது. பன்னிரண்டு அடித் தொலைவிற் பொறுத்தவன் நான்கு அடியிற் பொறுத்தான்; பின்னர் மூன்று அடியிற் பொறுத்தான்; அதன்பின் கூடின்றி முயல் அறையில் உலவப் பொறுத்தான்; முடிவில் அதனைத் தடவிக் கொடுத்து, தன் விரல்களை அது கொறிக்கவும் இடங்கொடுத்தான். பஞ்சு, மயிருடை, இறகு என்பவற்றின்மேலிருந்த அச்சமும் உடன் நீங்கிற்று.

மற்றைய கட்டுரை இதனினும் விரிந்தது. மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையான எழுபது பிள்ளைகளிடத்தே அச்சத்தை நீக்கும் முறைகள் பலவற்றை அவர் ஒப்புநோக்கினார். அச்சந்தரும் பொருளை நெடுநாள் காட்டாது விடுதல், அதனைப் பற்றி இனிதாக எடுத்துரைத்தல், மீண்டும் மீண்டும் எதிரே வைத்தல், ஏளனத்தால் அடக்குதல், கவனத்தைத் திருப்புதல், இன்பமான ஒன்றோடு இணைத்தல், அஞ்சாத பிள்ளைகளோடு பழகவிடுதல் என்பன அம்முறைகள். இறுதியிற் கூறிய இரண்டு மட்டுமே ஐயத்துக்கிடமின்றிப் பயனளித்தன. பெரியோர் நாள்தோறும் கையாளும் அறிவுரையும் ஏளனமும் மறைத்துவைத்தலும் அப்பட்டியலிற் பின்தள்ளப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

யோன்சின் பணி நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தென்னாபிரிக்க உளமருத்துவர் யோசெப் வொல்பி 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாக, அச்சந்தருவனவற்றைப் படிநிலையாக வரிசைப்படுத்தி, உடலைத் தளர்த்தியவாறு ஒவ்வொன்றாக எதிர்கொள்ளும் முறை பரவியது. நாய்க்கு அஞ்சிய சிறுபிள்ளைகள், அஞ்சாத இன்னொரு பிள்ளை நாயோடு விளையாடுவதைப் பலமுறை பார்த்தே துணிவு பெற்றதை அல்பேட் பந்துராவும் அவர்தம் உடனாய்வாளரும் 1967இற் காட்டினர்.

விலகுதலால் விளைவது

பாடசாலைக்குச் செல்ல மறுக்கும் பிள்ளையின் நிலையை ஆராயின், அச்சம் நிலைபெறும் வகை தெளிவாகும். காலையில் பிள்ளை வயிற்றுநோவென்று அழுகின்றது. தாய் இரங்கி, இன்று வீட்டிலிருக்கலாம் என்கின்றாள். அக்கணமே நோவு தணிகின்றது. அத்தணிவே பிள்ளைக்குக் கிடைத்த பரிசு. துன்பம் நீங்குதலால் ஒரு செயல் வலுப்பெறுவதை உளவியலார் எதிர்மறை மீளவலியுறுத்தல் என்பர். இதனால் விலகுதல் வலுப்பெறுகின்றது. மேலும், பாடசாலை தான் எண்ணிய அளவுக்குக் கொடியதன்று என்று அறியும் வாய்ப்பையும் பிள்ளை இழக்கின்றது. மறுநாள் விட்டுப்போன பாடங்களும், "ஏன் வரவில்லை?" என்னும் வினாக்களும் சேர்ந்துகொள்ள, செல்லுதல் முன்னரினும் அரிதாகின்றது.

1941ஆம் ஆண்டில் அடிலெயிட் யோன்சனும் அவருடன் பணியாற்றியோரும் இந்நிலைக்குப் பாடசாலையச்சம் எனப் பெயரிட்டனர். ஆயினும், பிள்ளை அஞ்சுவது பாடசாலையையன்று, தாயைப் பிரிதலையே என்பது அவர்தம் கருத்து. தான் இல்லாதபோது தாய்க்கு யாதாயினும் நேர்ந்துவிடுமோ என்னும் கவலையே சில பிள்ளைகளை வீட்டில் நிறுத்துகின்றதென யோன் போல்பி, பிரிவைப் பற்றி 1973இல் எழுதிய நூலில் விளக்கினார். வீட்டில் நோயோ பூசலோ மரணமோ நிகழ்ந்தபின் பிள்ளை பாடசாலைக்கு மறுப்பின், இக்கருத்து நினைவிற் கொள்ளத்தக்கது.

விலகுதலுக்குத் துணைநிற்போர் பெரும்பாலும் அன்புடையோரே. பிள்ளைக்காகத் தாம் விடைகூறுதல், ஒவ்வோரிரவும் உடன்படுத்தல், "ஒன்றும் நேராது" என்று நூறுமுறை உறுதிகூறுதல் ஆகியன பெற்றோர் இணங்கிப்போதல் எனப்படும். 2020ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிற்சும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பிள்ளைக்கு நேரே சிகிச்சையளியாது, இவ்விணக்கங்களைப் பரிவோடு படிப்படியாகக் குறைக்கப் பெற்றோரை மட்டும் பயிற்றினர். பிள்ளைக்கே அளிக்கப்பட்ட சிகிச்சைக்கு அது குறைந்ததாகவில்லை.

இதன் மறுதலையான கண்டிப்பும் அச்சத்தைத் தீர்ப்பதில்லை. நீந்த அஞ்சும் சிறுவனைக் கேணியில் தள்ளிவிட்டால் அவன் நீரோடு தள்ளியவரையும் அஞ்சக் கற்கின்றான். "பயந்தாங்கொள்ளி" என வகுப்பிற் பட்டஞ்சூட்டப்பெற்ற பிள்ளை அச்சத்தை விடுவதில்லை. அதனை மறைக்கப் பழகுகின்றது. மறைக்கப்பட்ட பதகளிப்பு தலைநோவாகவும் உறக்கமின்மையாகவும் சினமாகவும் வெளிப்படுதலும் உண்டு.

படிமுறையின் இயல்பு

காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாட அஞ்சும் மாணவனொருவனை எடுத்துக்கொள்க. அவனை ஒருபோதும் அழையாதிருத்தல் ஒரு தவறு. முன்னறிவித்தலின்றி மேடையேற்றுதல் மற்றொரு தவறு. ஆசிரியர் அவனோடு அமர்ந்து, எளியதிலிருந்து அரியது வரை படிகளை அமைத்தல் வேண்டும். முதலில் வீட்டில் தாய்முன் பாடுதல்; அடுத்து வெறுமையான மண்டபத்தில் நண்பனொருவனோடு பாடுதல்; பின்னர் ஆசிரியர் முன் தனியே பாடுதல்; அதன்பின் தன் வகுப்பில் இருவரோடு சேர்ந்து பாடுதல்; தொடர்ந்து பிரார்த்தனையிற் குழுவோடு பாடுதல்; முடிவிற் தனித்துப் பாடுதல். இப்படிகளை அமைப்பதிற் பிள்ளைக்கும் பங்கிருத்தல் இன்றியமையாதது.

இதிற் கடைப்பிடிக்கத்தக்க விதிகள் சில. ஒரு படியில் அச்சம் ஓரளவு தணியுமுன் அடுத்ததற்கு விரைதலாகாது. அவ்வாறே, அச்சம் உச்சமடைந்த வேளையிற் படியினின்றும் ஓடவிடுதலுமாகாது. ஒவ்வொரு படியும் பலமுறை பயிலப்படல் வேண்டும். பாராட்டு, பாடலின் இனிமைக்கன்றி முயற்சிக்கு உரியதாகுக. பீற்றருக்கு நேர்ந்தவாறு இடையில் அச்சம் மீளலாம். அதனைத் தோல்வியெனக் கொள்ளாது, ஒருபடி கீழிறங்கி மீண்டும் தொடங்குக. "அச்சப்படாதே" என்பதினும் "அச்சமாயிருப்பது விளங்குகின்றது, ஆயினும் உன்னால் இதனைச் செய்யமுடியும்" என்னும் சொல் பயனுடைத்து. முன்னையது உணர்வை மறுக்கின்றது. பின்னையது உணர்வை ஏற்று ஆற்றலையும் நினைவூட்டுகின்றது.

பிள்ளையின் எண்ணங்களும் கவனிக்கத்தக்கன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எதிர்நோக்கும் சிறுவன், "தவறினால் எல்லாம் முடிந்தது" என்று எண்ணுகின்றான். அவ்வெண்ணம் பெரும்பாலும் பெரியோரின் உரையாடலினின்றே அவனைச் சார்ந்தது. அது மெய்யோவென அவனே ஆராய்ந்து, "தவறினும் கற்றலும் தொடரும், அன்பும் தொடரும்" என்று காணச்செய்தல் வேண்டும். எண்ணத்தைத் திருத்துதலையும் படிமுறையாக எதிர்கொள்ளுதலையும் இணைத்த முறையே அறிகை நடத்தைச் சிகிச்சை எனப்படுவது.

இதன் பயனை அளந்தறிந்த ஆராய்ச்சிகளுட் பெயர்பெற்றது அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்டு 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஏழு முதல் பதினேழு வயது வரையுள்ள 488 பேர் அதிற் பங்குபற்றினர். பன்னிரண்டு வாரத்தின் பின்னர், அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றோருள் 59.7 சதவீதத்தினரும், சேற்றலின் என்னும் மருந்து பெற்றோருள் 54.9 சதவீதத்தினரும், இரண்டும் பெற்றோருள் 80.7 சதவீதத்தினரும், போலி மாத்திரை பெற்றோருள் 23.7 சதவீதத்தினரும் நன்கு தேறினர். கடும் பதகளிப்புக்கு மருத்துவர் மருந்தும் விதித்தல் உண்டென்பதும், அது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே கொள்ளத்தக்கதென்பதும் இதனோடு அறியவேண்டியன.

முதலில் ஆராயவேண்டியது

படிமுறையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பிள்ளை அஞ்சும் இடர் மெய்யாகவே உண்டோ என்பதே அது. வழியில் மூத்த மாணவர் துன்புறுத்துவதால் ஒருவன் பாடசாலைக்கு வரமறுக்கலாம். எழுத்துக்களைப் பிரித்தறிய இயலாத குறைபாட்டால் ஒருத்தி வாசிக்க அஞ்சலாம். பிரம்படிக்கு அஞ்சுவோரும், வீட்டில் நிகழும் வன்முறையால் உறக்கமிழந்தோரும் இருத்தல் கூடும். இத்தகையோரிடம் துணிவை வளர்க்க முற்படுதல் அநீதியாகும், அகற்றவேண்டியது இடரையே. அச்சம் அறிவின் ஒரு கூறென்பதற்கு வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் இடமளித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

போரையும் 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்ட நாட்டில் இது சிறப்பாக உணரத்தக்கது. வானூர்தியின் ஒலிக்கு நடுங்கிய பிள்ளைகளின் அச்சம் கற்பனையிற் பிறந்ததன்று. பேரிழப்பின் வடு வேறுவகையான பரிகாரத்தையும், தேர்ச்சிபெற்ற உளநல மருத்துவரின் துணையையும் வேண்டிநிற்பது. அப்பிள்ளைகளுட் பலர் இன்று தாமே பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். தம் அச்சத்தைத் தாம் அறிந்துகொள்ளுதல், அது அடுத்த தலைமுறையைச் சாராமற் காத்தற்கு முதற்படியாகும்.

வாரக்கணக்காகப் பாடசாலைக்கு வாராமை, உணவும் உறக்கமும் குன்றுதல், பேச்சு ஒடுங்குதல், வாழ்வில் வெறுப்புரைத்தல் என்பன காணப்படின் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். உடனோய் இல்லையெனத் தெளிதலும் அவர் பொறுப்பே.

ஏனையவற்றில் இல்லமும் பாடசாலையும் செய்யக்கூடியவை மிகப் பல. தந்தை ஒன்றும் ஆசிரியர் வேறொன்றும் கூறாது, இருவரும் ஒரே படிகளையே அறிந்து நடத்தல் வேண்டும். அச்சமே அறியாத பிள்ளையை உருவாக்குதல் எவர்க்கும் இயலாது, அது விரும்பத்தக்கதுமன்று. அச்சம் எழுந்தபோதும் அடுத்த அடியை எடுத்துவைக்க அறிந்த பிள்ளையை உருவாக்குதல் இயலும். அந்த அடி எத்துணைச் சிறியதாயினும், பிள்ளை தன் கால்களால் எடுத்துவைத்ததாதல் வேண்டும்; அவ்வேளையில் நம்பத்தக்க ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும்.